அத்தை வாயில் வந்த பெயர்

தண்ணீர் வருவதற்கு முன்னால் எங்கள் ஆவடி குவார்ட்டர்ஸ் குழாய் சளி கட்டிய தொண்டை போல இரண்டு தரம் செருமும், பிறகு துருவாசனையோடு குபுக்கென்று கொஞ்சம் கக்கும், அதற்குப் பிறகுதான் நூல் மாதிரி ஒழுகத் தொடங்கும். ஒரு குடம் நிறைவதற்குள் ஒரு குடும்பத்து வழக்கையே பேசித் தீர்த்துவிடலாம். ஆண்கள் தொழிற்சாலைக்குப் போனபின் திருநெல்வேலி, நாகர்கோவில், மதுரை என்று பல ஊர்ப் பெண்களும் அந்தக் குழாயடியில்தான் கூடுவார்கள். எண்பதுகளின் தொடக்கம் அது. ஐந்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு வீட்டோடு இருந்த எனக்கு, வரிசையின் கடைசியில் வாய் திறக்காமல் நின்று கேட்பதுதான் பொழுதுபோக்கு.

அந்தக் கோடையில் என் அண்ணனுக்கு ஆண் குழந்தை பிறந்தது. அண்ணி நசரத்பேட்டைக்காரர், பரம்பரையாக அங்கே பயிர் வைத்த குடும்பம். பிரசவத்துக்கு அங்கேதான் போயிருந்தார். நாங்கள் உசிலம்பட்டிப் பக்கம். எங்களில் தலைப்பேரனுக்குத் தாத்தா பெயரைத்தான் வைப்பது. தாத்தா என்றால் என் அப்பா. அப்பாவின் பெயர் மொக்கைச்சாமி.

ஊரில் அது கும்பிடுகிற சாமியின் பெயர். தெருவுக்கு இரண்டு மொக்கைச்சாமிகள் இருப்பார்கள், கூப்பிட்டால் யாரும் திரும்பிப் பார்த்துச் சிரிக்கமாட்டார்கள். இந்தப் பக்கத்திலோ கூர் போன பென்சில் "மொக்கை", சவரத்துக்கு உதவாத பிளேடு "மொக்கை", ஒன்றுக்கும் ஆகாத ஆளும் "மொக்கை".

குழந்தையைப் பார்க்கப் போன அண்ணன் முகம் தொங்கித் திரும்பி வந்தான். அண்ணி சொல்லி அனுப்பியது இதுதான்: "மொக்கைன்னு பேரு வெச்சீங்கன்னா நானும் புள்ளயும் இங்கயே கீறோம். பள்ளிக்கோடத்துல பசங்க ஓட்டியே சாவடிச்சிடுவானுங்க." அண்ணி பிடிவாதக்காரர், சொன்னால் செய்வார் என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் உங்கள் பெயர் இங்கே நகைப்புக்கு இடம் என்று அப்பாவிடமே யார் போய்ச் சொல்வது? அண்ணன் அம்மாவைப் பார்த்தான், அம்மா அடுப்பைப் பார்த்தாள். கடைசியில், "வேறு ஏதாவது சாமி பேரும் சேர்த்துப் பார்க்கலாமாப்பா" என்று அண்ணன் பட்டும் படாமல் கேட்டுவைத்தான்.

"ஏன், பாண்டின்னு கூடத்தான் வைக்கலாம். எங்கப்பன் பேரு" என்றார் அப்பா.

மறுநாளே குழாயடியில் பாண்டி அடிபட்டது. இங்கே பாண்டி என்றால் தரையில் கட்டம் கீறிப் பெண்பிள்ளைகள் நொண்டியடிக்கிற விளையாட்டு. "பேரைக் கேட்டதும் தெருவுல எல்லாம் ஒத்தக் கால்ல குதிக்கும் மக்களே" என்றாள் நாகர்கோவில் அக்கா. "எங்க பக்கம் பாண்டின்னா வெளியூர்க்காரனைக் கேலி பண்ணுகது." திருநெல்வேலி அக்கா விடுவாளா, "அப்போ சுடலைன்னு வையிங்க, எங்க சாமி, துடியான பேரு" என்றாள். அது நசரத்பேட்டைக்குப் போனதும் அண்ணியின் அப்பா, "பொறந்த புள்ளைக்கு சுடுகாட்டுப் பேரா? என் பேரு கோவிந்தசாமி, அது இன்னா கொறஞ்சி போச்சி?" என்று கேட்டு அனுப்பினார். எங்கள் அப்பா அதைக் கேட்டுவிட்டு வெற்றிலையைத் துப்பினார். "முதல் எல்லாம் போயிருச்சுன்னா கோவிந்தாங்குறோம். அதையா வைக்கிறது? இந்தப் பேச்சே வேணாம். பேரன் மொக்கைச்சாமிதான்."

எங்கள் பக்கத்தில் இன்னொரு வழக்கம் உண்டு. பெரியவர்கள் எதைத் தீர்மானித்தாலும், குழந்தையின் அத்தைதான் நாக்கில் சீனித் தண்ணீர் தொட்டு வைத்து, காதில் மூன்று தரம் பெயரைச் சொல்லவேண்டும். அத்தை வாயில் வந்ததை அப்புறம் சாமியே வந்தாலும் மாற்றக்கூடாது. அண்ணனுக்கு நான் ஒரே தங்கை. பாவாடை கட்டிய அத்தை.

இது குழாயடிக்குத் தெரிந்ததுதான் தாமதம், என் குடம் தானாக முன்னால் நகர்ந்தது. "ஏளா, நீ எங்கூட்டுப் பிள்ள மாதிரி, சுடலைன்னு சொல்லிரு" என்று ஒரு காதில் திருநெல்வேலி. "அவ கெடக்கா, முருகன் பேரா ஒண்ணு சொல்லு மக்களே" என்று மறு காதில் நாகர்கோவில். அண்ணன் கடலைமிட்டாய் வாங்கி வந்து, "எதை வேணும்னாலும் சொல்லு, அது மட்டும் வேணாம்" என்றான். அப்பாவோ சாயங்காலம் ஆனால் என்னை எதிரே உட்காரவைத்து, "எங்கே, சத்தமாச் சொல்லு தாயி" என்று பழக்குவார். என்னை யாரும் அதுவரை எதற்கும் கேட்டதில்லை. எல்லாருக்கும் தலையை ஆட்டிவைத்தேன்.

பெயர் வைக்கிற அன்று பஸ் ஏறி நசரத்பேட்டை போனோம், குழாயடிப் பெண்கள் இருவரும் கூடவே வந்தார்கள். கூடம் நிறைய ஆட்கள். அண்ணி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார், எனக்கு நிமிர முடியவில்லை. சீனித் தண்ணீரைத் தொட்டு வைத்தேன், பிள்ளை நாக்கைச் சப்பியது. காதருகே குனிந்து உதட்டை மட்டும் அசைத்தேன்.

"சத்தமா தாயி!" என்றார் அப்பா. "மோளத்த நிறுத்துங்கப்பா, பொண்ணு பேசறது கேக்கல" என்றார் அண்ணியின் அப்பா. மேளமே கிடையாது. அந்த அமைதியில் நான் பயந்துபோய், குழந்தையின் காதில் சொல்லவேண்டியதை விட்டுவிட்டு அண்ணியைப் பார்த்து, "என்ன பேர் அண்ணி சொல்லட்டும்?" என்று கேட்டுவிட்டேன்.

இவ்வளவு நாள் பேச்சிலும் பெற்றவளை அப்படி நேராக யாரும் கேட்டிருக்கவில்லை. அண்ணி குழந்தையின் துணியைச் சரிசெய்தார். "என்னைக் கேட்டா..." என்று தொடங்கி அப்பாவைப் பார்த்தார். "மாமா, உங்க பேருல எனக்குக் கோவம் ஒண்ணும் இல்ல. புள்ளய கேலி பண்ணுவாங்களேன்னுதான்..."

அப்பா துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்குத் தெரியாதாம்மா? பட்டறைல அரம் மழுங்கிப் போச்சுன்னா, 'மொக்கைச்சாமி வந்துட்டாரு'ம்பாய்ங்க. நானும் சேந்து சிரிச்சிருவேன். இத்தனை வருஷமாப் பழகிருச்சு. அவனுக்கு எதுக்கு?" என்று குழந்தையைக் காட்டினார். பிறகு என்னிடம், "அண்ணி சொல்றதைச் சொல்லு தாயி" என்றார்.

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கடைசில சாமின்னு வரட்டும். அது ரெண்டு தாத்தாவுக்கும் பொது. குமாரசாமின்னு சொல்லு" என்றார். மூன்று தரம் சொன்னேன். மூன்றாவது தரம் என் குரல் எனக்கே கேட்டது. "குமாரசாமின்னா எங்க ஊர்ல..." என்று நாகர்கோவில் அக்கா வாயெடுத்தாள். கூடமே திரும்பி முறைத்த முறைப்பில் வாயில் பாயசத்தை ஊற்றிக்கொண்டுவிட்டாள். குமாரசாமிக்கு அவள் ஊரில் என்ன கேடு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த வாரமே அண்ணியும் பிள்ளையும் குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்தார்கள்.

இப்போது அந்த வீட்டு வரிசை இல்லை, அப்பாவும் இல்லை. குமாரசாமியின் மகளுக்குப் பெயர் வைத்தபோது, அவள் அத்தை காதில் சொல்வதற்கு முன்பே வாசலில் பெயரைப் பேனராகக் கட்டியிருந்தார்கள். யாரும் யார் வாயையும் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. அந்தச் சொல் மட்டும் ஊரெல்லாம் பரவிவிட்டது. பார்த்த படம் மொக்கை, வைத்த குழம்பு மொக்கை. உசிலம்பட்டியிலிருந்து வருகிற சொந்தக்காரப் பிள்ளைகளும் அதையேதான் சொல்கிறார்கள். அது ஒரு மனிதருக்கு வைத்த பெயர், உங்கள் கொள்ளுத்தாத்தாவின் பெயர் என்று சொன்னால், "சும்மா சொல்றே பாட்டி!" என்று விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். பட்டறையில் அப்பா செய்ததைப் போலவே, நானும் சேர்ந்து சிரித்துவிடுகிறேன்.