மெட்டுகுடாவில் ஊதிய குழாய்

அண்ணனின் புல்லாங்குழலைச் சவப்பெட்டிக்குள் அவன் கையருகில் வைத்தது நான்தான். மூடி ஆணியடித்ததையும் பார்த்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு ஆளாளுக்குக் கதை கட்டினார்கள்.

அண்ணனுக்கு வாசிக்கத் தெரியாது. ரயில்வே பட்டறையில் வேலை முடிந்து வந்து, டீ குடித்துவிட்டு, ஒரே ஒரு சுரத்தை நீளமாக ஊதுவான். கொஞ்சம் கீழே இறங்கி, நடுங்கி நிற்கும். அவ்வளவுதான் அவன் சங்கீதம். அந்த மூங்கில் துண்டுக்குத் தெருவில் ஆளுக்கொரு பெயர். எதிர்வீட்டு பாய் பான்ஸ்ரி என்பார். பஜனைக்குப் போகிறவர்கள் வேணு என்பார்கள். இரண்டு பெயருக்கும் உள்ளே மூங்கில் என்ற சொல்தான் இருக்கிறது. தமிழில் மட்டும் ஏன் புல் என்று கேட்டால், மூங்கிலும் புல்தானடா என்பான் அண்ணன். அம்மாவுக்குக் குழல் என்றால் அடுப்பு ஊதுவது. அதுவரை யாருக்கும் தொல்லையில்லை.

பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மாள்தான் வினை வைத்தாள். தெலுங்கில் அது பில்லனக்ரோவி, கூப்பிடுகிற குழாய் என்று அர்த்தம் என்று துக்க வீட்டில் உட்கார்ந்து அண்ணியிடம் சொன்னாள். அந்த அர்த்தம் சரியா என்று எனக்குத் தெரியாது. வாய் சும்மா இருக்காத ஜென்மம். அடுத்த மாதமே அவளும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுப் போனாள்.

எல்லோருமே போனார்கள். மெட்டுகுடாவில் அந்த ரயில்வே குவார்ட்டர்ஸ் வரிசையை இடிக்கப் போகிறார்கள். காலியான வீடுகளில் கதவு, ஜன்னல், மொட்டைமாடியில் போட்டிருந்த கூரைத் தகடு எல்லாவற்றையும் கழற்றி எடுத்துவிட்டார்கள். பல் கொட்டிய வாய் மாதிரி வரிசையாக ஓட்டைகள். நடுவில் அண்ணியும் அவள் மகளும் மட்டும். லோத்குண்டாவில் என் வீட்டில் அறை ஒழித்து வைத்திருந்தேன். டெம்போவோடு போனேன். அண்ணி ஒரு பாத்திரத்தைக்கூடக் கட்டவில்லை.

"நக்கோ தம்பி, வேணாம். அவரு கூப்புட்டுக்கிட்டே இருக்காரு. விட்டுட்டு எப்படி வர்றது?"

எனக்கு ஆத்திரம் வந்தது. படித்த பெண்ணாயிற்றே, அம்மாவுக்குப் புத்தி சொல்லக்கூடாதா என்று மகளைக் கேட்டேன். அவள் தமிழில் கேட்டால் தெலுங்கில்தான் பதில் சொல்வாள்.

"நாக்கூடா வினபடுதோந்தி, பாபாய்."

அவளுக்கும் அந்தக் குழல் கேட்கிறதாம். இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடாமல் கன்னம் ஒட்டிப்போயிருந்தார்கள். இடிக்கிற வண்டி வரும்போதும் இந்த அம்மாள் உள்ளேதான் உட்கார்ந்திருப்பாள் என்று எனக்குப் புரிந்தது. திட்ட வாயைத் திறந்தேன். அப்போது கேட்டது.

நல்ல வெயில். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. அதே சுரம். கீழே இறங்கி, நடுங்கி நின்றது. அண்ணி என் முகத்தையே பார்த்தாள்.

நான் பேய்க்குப் பயப்படுகிறவன் இல்லை. காலி வீடு ஒவ்வொன்றாக நுழைந்து பார்த்தேன். கடைசியில் அண்ணன் வீட்டு மொட்டைமாடி ஏறினேன். துணி காயப்போட அண்ணன் நட்ட இரும்புக் குழாய் அங்கே நின்றது. பட்டறைக்காரர்கள் நாங்கள் எதையும் கடையில் வாங்கமாட்டோம். பட்டறையில் கழித்துப் போட்ட குழாயைக் கொண்டுவந்து, கயிற்றை ஏற்றி இறக்க வசதியாக வரிசையாகத் துளை போட்டு நட்டுவிடுவோம். எங்கள் வீடுகளில் பாதி அப்படித்தான் நிற்கிறது. பக்கத்துக் கூரைகள் இருந்தவரை காற்றை மறைத்தன. இப்போது நேராக வந்து துளைகளில் அடிக்கிறது. ஊதுகிறது.

சத்தம் போட்டுச் சிரித்தேன். சாக்குத் துணியைக் கிழித்து ஒவ்வொரு துளையிலும் திணித்தேன். நின்றுவிட்டது. கீழே வந்து விஷயத்தைச் சொன்னேன். அண்ணி கோபப்படவில்லை. அழவுமில்லை.

"அவரு வாயில துணி வெச்சு அடைச்சிட்டியா, தம்பி?"

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மகள் தண்ணீர் கொடுத்தாள், வாங்கவில்லை. டெம்போக்காரன் வெளியே ஹாரன் அடித்தான். இது சரிவராது, இப்படியே விட்டால் இவளையும் பெட்டியில்தான் கொண்டுபோக வேண்டும் என்று தோன்றியது. சனியன், ஊதித் தொலையட்டும் என்று மறுபடி மேலே ஏறினேன். துணியையெல்லாம் பிடுங்கி எறிந்தேன்.

காற்று முன்னைவிட வேகமாக அடித்தது. என் சட்டை படபடத்தது. புழுதி கண்ணில் விழுந்தது. குழாய் ஊதவில்லை. ஒவ்வொரு துளையிலும் விரல் விட்டுப் பார்த்தேன். அடைப்பு ஒன்றுமில்லை. வாய் வைத்து நானே ஊதினேன். துரு வாசனைதான் வந்தது.

இறங்கி வந்தபோது அண்ணி எழுந்து உட்கார்ந்திருந்தாள். பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"போயிட்டாரு. வண்டியை நிக்கச் சொல்லு தம்பி, நாம போலாம்."

இருபது வருஷம் குழாய் வேலை பார்த்தவன் நான். திறந்த துளையில் காற்று அடித்தால் சத்தம் வரவேண்டும். ஏன் வரவில்லை என்று இன்றுவரை எவனும் எனக்குச் சொல்லவில்லை.