ஒன்றரை மணி பில்லில் என் கையெழுத்து

தனபால் அண்ணன் இறந்த செய்தி கடைக்குத்தான் வந்தது. காலை பதினொரு மணி, கவுண்டரில் நல்ல கூட்டம். விற்பனையாளர் சந்தோஷ் போனைப் பார்த்துவிட்டு, "மேடம், தன்பால் வகீல் கேலே" என்றார். வக்கீல் போய்விட்டார். மாரடைப்பாம். அப்போது என் கையில் பேனா இருந்தது. நான் இல்லாத மதிய வேளைக்காக, வெற்று பில்களில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். மூன்று முடித்திருந்தேன். நான்காவதற்குக் கை போகவில்லை.

இந்தப் புனே கட்கியில் மெடிக்கல் ஷாப்பில் நிற்கும் நம் எல்லோருக்கும் அவரைத் தெரியும். மருந்தாளுநர் மன்றத்திலிருந்து நோட்டீஸ் வந்தால் கால் தானாக அவருடைய மாடியறைக்குப் போய்விடும். நம் சங்கத்தின் அஞ்சலி மலருக்காக அவரைப் பற்றி எழுதச் சொன்னீர்கள். நல்லதாக நாலு வார்த்தை எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். எனக்கு அந்தத் தகுதி இல்லை என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

ஆறு வருஷத்துக்கு முன் இதே குற்றத்துக்குத்தான் எனக்கு நோட்டீஸ் வந்தது. பார்மசிஸ்ட் இல்லாமல் மருந்து கொடுக்கக் கூடாது. நானோ பகல் ஒரு மணிக்கு மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போவேன். போகும் முன் பத்து பில்லில் கையெழுத்துப் போட்டு வைப்பேன். ஒருநாள் அந்த நேரம் பார்த்து இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். பதிவை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று கேட்டிருந்தார்கள். ரத்தானால் சோற்றுக்கு வழியில்லை. என் கணவருக்கு அப்போது வேலை இல்லை.

அண்ணன் நோட்டீஸைப் பிரிக்கவே இல்லை. "நடந்தத சொல்லும்மா" என்றார். பாத்ரூம் போயிருந்தேன் என்றேன். தலையாட்டிவிட்டு, "இன்னொரு வாட்டி சொல்லு" என்றார். பேங்குக்குப் போனேன் என்றேன். டீ வரவழைத்துக் கொடுத்தார். "இப்ப மூணாவது வாட்டி." அழுகையோடு பள்ளிக்கூடம், பத்து பில், எல்லாம் வந்தது. அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பாத்ரூம்லேர்ந்து கெளம்பி, பேங்க் வழியா, ஒரு வழியா ஸ்கூலுக்கு வந்து சேந்துட்ட. சலோ, இனிமே கேஸ் நடத்தலாம்."

அது அவர் வழக்கம். எல்லோரையும் மூன்று முறை சொல்ல வைப்பார். "மொத ரெண்டும் பயம் பேசும். மூணாவதுதான் ஆளு பேசும்" என்பார். உங்களில் பலர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள்தானே.

கடை முதலாளி, அன்று எனக்கு உடம்பு சரியில்லை என்று டாக்டர் சர்டிபிகேட் வாங்கித் தருவதாகச் சொன்னார். அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டு அவரை அனுப்பிவிட்டார். பிறகு அவரே கடைக்கு வந்து, தினமும் ஒன்று முதல் இரண்டு வரை ஷட்டரை இறக்குவதாக முதலாளியிடம் எழுதி வாங்கினார்.

விசாரணை மும்பையில். அண்ணன் எழுந்து, மராத்தியில், "இந்தப் பெண் செய்தது தப்பு" என்றுதான் ஆரம்பித்தார். கடைசியில், "இனி இவர் கையெழுத்து இருக்கும் இடத்தில் இவர் இருப்பார். அதற்கு நான் பொறுப்பு" என்றார். எச்சரிக்கையோடு விட்டார்கள். திரும்பும் ரயிலில், வக்கீல் அப்படியெல்லாம் பொறுப்பேற்கலாமா என்று கேட்டேன். "சட்டத்துல எடம் இல்லதான். வாயில வந்துடுச்சு. நீ காப்பாத்திக் குடு" என்று வடாபாவைக் கடித்தார்.

அதன்பின் சர்க்கரை மாத்திரை என் கடையில்தான் வாங்குவார். பில்லைப் பார்ப்பார், என் முகத்தைப் பார்ப்பார். "ரெண்டும் இருக்கு, டீக் ஹை" என்பார். நான்கு வருஷம் ஒழுங்காகத்தான் இருந்தேன். பக்கத்தில் இன்னொரு கடை வந்தது. முதலாளி மதியமும் திறக்கச் சொன்னார். முதலில் இரண்டு பில், பிறகு ஐந்து. இப்போது என் மகள் தனியாகவே வீட்டுக்கு வந்துவிடுகிறாள். எனக்குச் சாக்குகூட இல்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுச் சற்றுப் படுத்துவிட்டு வருவேன், அவ்வளவுதான்.

போன மாதம் ஒருநாள் ஒன்றரை மணிக்கு அவர் வந்திருக்கிறார். சந்தோஷ் மாத்திரையையும் பில்லையும் நீட்டியிருக்கிறார். பில்லில் என் கையெழுத்து இருந்தது. முகம் இல்லை. இரண்டையும் கவுண்டரிலேயே வைத்துவிட்டு, "மேடம் வந்ததும் வரேன்" என்று போய்விட்டார். வரவில்லை. அவர் வீடு பத்து நிமிட நடைதான். மாத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு தினமும் அந்தத் தெருமுனை வரை போவேன். என்ன முகத்தோடு போய் நிற்பது? திரும்பிவிடுவேன். பதினெட்டு நாள் இப்படியே போனது. பத்தொன்பதாம் நாள் செய்தி வந்தது.

சாவு வீட்டில் அவர் மனைவி சரசு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். மாத்திரை இல்லாமல் இருந்தாரா என்று பயந்து பயந்து கேட்டேன்.

"இல்லம்மா, வேற கடையில வாங்கிட்டாரு. கலா மத்தியானத்துல கரெக்டா கடைய சாத்திடுது, சொன்ன சொல்லக் காப்பாத்துற பொண்ணுன்னு சொன்னாரு."

நம்மில் யாருக்காகவும் ஒரு பொய்யை ஒப்புக்கொள்ளாத மனுஷன், எனக்காகத் தன் வீட்டில் ஒன்று சொல்லியிருக்கிறார். நான், "ஆமா அக்கா, சாத்தியிருந்தோம்" என்றேன். அன்று வீட்டுக்கு வந்து, என்ன ஆயிற்று என்று கேட்ட என் கணவரிடம், அந்த ஒன்றரை மணி பில்லில் சந்தோஷ்தான் என் கையெழுத்தைப் போட்டுவிட்டார் என்றேன்.

கையெழுத்துப் போட்ட பில்களைக் கிழித்துவிட்டேன். இப்போது ஒரு மணிக்கு ஷட்டரை நானே இறக்குகிறேன். இது எத்தனை நாள் என்று முதலாளி கேட்கிறார். அண்ணன் வாங்காமல் போன அந்த ஒரு பில்லை மட்டும் வைத்திருக்கிறேன். அவர் பெயர், ஒன்றரை மணி, என் கையெழுத்து. அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியது அதுதான். இதைப் படித்துவிட்டு யாராவது மன்றத்துக்கு எழுதினால், எனக்காக எழுந்து நிற்க அவர் இல்லை. இருக்கட்டும்.

சரசு அக்காவிடம் சொன்னது ஒன்று. கணவரிடம் சொன்னது இரண்டு. இது மூன்றாவது வாட்டி, அண்ணா.