மூன்றாவது கவர்

தொழிற்சாலையில் அவருக்கு 'மூணு' என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. பெயிண்ட் டப்பா செய்யும் அந்தத் தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் முப்பத்தொரு வருடமாக உட்கார்ந்திருக்கும் அவர், மூன்று கொட்டேஷன் இல்லாமல் ஒரு துடைப்பம்கூட வாங்கியதில்லை. மூன்று இடத்தில் விலை கேட்க வேண்டும். மூன்றும் ஒட்டிய கவரில் வர வேண்டும். சாட்சி ஒருவரை வைத்துக்கொண்டு ஒரே நேரத்தில் பிரிக்க வேண்டும். யார் விலை குறைவோ அவருக்கே ஆர்டர். பிரித்த பிறகு யாரும் வாயைத் திறக்கக் கூடாது. மேலாளரின் சகலையே ஒருமுறை ஆணி சப்ளை செய்ய வந்து, கிலோவுக்கு ஒரு காசு கூடுதலாகப் போட்டதால் வெறுங்கையோடு திரும்பிப் போயிருக்கிறார். இந்தக் கதை தெரியாத ஆள் அந்தத் தொழிற்சாலையில் இருந்தால் அவர் அன்று காலையில் வேலைக்குச் சேர்ந்தவராக இருக்க வேண்டும்.

வீட்டிலும் அதே சட்டம்தான். தலையணை வாங்க மூன்று கடை ஏறி இறங்கி, அவர் ஒப்பீட்டுப் பட்டியல் போட்டு முடிப்பதற்குள் ஒரு வாரம் ஓடிவிட்டது. அந்த ஒரு வாரமும் மனைவி பழைய சால்வையைச் சுருட்டித் தலைக்கு வைத்துப் படுத்தாள்.

"அக்காவைக் கட்டிக்கும்போது எத்தனை கொட்டேஷன் வாங்கினீங்க அத்தான்?" என்று மைத்துனன் ஒருமுறை கேட்டான்.

"அப்ப நான் வேலைக்குச் சேரலை," என்றார் அவர், சிரிக்காமல்.

இவ்வளவு கறாரான மனிதரின் வாழ்க்கையில் மூன்று கொட்டேஷன் பார்க்காத பொருள் ஒன்று இருந்தது. அது கார் இன்சூரன்ஸ். மைத்துனன் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். கார் வாங்கிய வருடத்திலிருந்து அவன் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுப் பணம் கட்டி வந்தார். பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி அது ஆறு வருடமாக அவரை உறுத்திக்கொண்டிருந்தது. இந்த வருடம், கேண்டீனில் கணக்குப் பிரிவுக்காரர் நாலு இடத்துக்கு போன் போட்டே தன் பிரீமியத்தைப் பாதியாக்கிய பெருமையைப் பேசியதும், இவருக்கு டீ இறங்கவில்லை.

காரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது மனைவி பெயரில் இருந்தது. பாசத்தால் அல்ல, பெண்கள் பெயரில் கடன் எடுத்தால் வட்டி கால் சதவீதம் குறைவு என்பதால். மனைவி ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். ஒரு வாரம் காலை ஷிஃப்ட், மறுவாரம் மதிய ஷிஃப்ட். காலை ஷிஃப்ட் என்றால் ஆறு மணிக்கு ஊசியும் கையுமாக நிற்க வேண்டும். முதல் பஸ் ஐந்து ஐம்பதுக்கு வரும், வராமலும் போகும். தாமதமாகப் போனால் அரை நாள் சம்பளம் போகும். அதனாலேயே நாற்பத்தேழு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். முதலில் கற்றுக்கொடுத்தவர் கணவர்தான். மூன்றாம் நாள் நடுரோட்டில் வண்டியை நிறுத்தி, சாவியை அவர் மடியில் போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தே வந்துவிட்டாள். பிறகு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, நாலாவது தடவையில் லைசென்ஸ் வாங்கினாள். அன்றிலிருந்து காலை ஷிஃப்ட் வாரத்தில் கார் அவளுக்கு, மறுவாரம் அவருக்கு.

பாலிசி முடிய இருபது நாள் இருக்கும்போது, போனிலேயே வியாபாரம் செய்யும் ஒரு கம்பெனியைக் கூப்பிட்டார். ஷிஃப்ட் முடிந்து வந்த மனைவி பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"வண்டியை யார் யார் ஓட்டுவாங்க சார்?" என்று கேட்டாள் போனில் ஒரு பெண்.

"நானும் என் மனைவியும்."

"மேடம் லைசென்ஸ் எடுத்து எத்தனை வருஷம்?"

"ரெண்டு."

கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. "ஓட்டுநர் ஒருத்தர்னு மட்டும் போட்டா ரெண்டாயிரத்துச் சொச்சம் குறையும் சார். போடட்டுமா?"

அவர் பக்கத்து அறைக் கதவைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒருத்தர்னே போடுங்க," என்றார்.

மறுநாள் அலுவலகத்தில் முறைப்படி ஒரு தாள் டைப் செய்தார். 'கார்: ஒன்று. காப்பீடு: முழுமையானது. ஓட்டுநர்: ஒருவர்.' மூன்று பிரதி. ஒன்று போன் கம்பெனிக்கு. ஒன்று மைத்துனனுக்கு; சொந்தம் வேறு, கொள்முதல் வேறு என்று முகவுரை சொல்லிக் கொடுத்தார். மூன்றாவதை எடுத்துக்கொண்டு கடைத்தெருவில் இருந்த ஓர் அலுவலகத்துக்குப் போனார். அங்கே இருந்தவன், "கவர்ல ஒட்டியா? கல்யாணத்துக்கு மொய்யா எழுதுறோம்? மெயில்ல அனுப்புறேன் சார்," என்றான். விதியை மதிக்காதவனோடு பேச்சு வைத்துக்கொள்வதில்லை என்று அவர் எழுந்து வந்துவிட்டார்.

இரண்டு கவர் வந்துவிட்டது. இரண்டை வைத்துக்கொண்டு பிரிக்க முடியாது. பாலிசி முடிய ஆறு நாள்தான் இருந்தது. அன்று மாலை மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்த இடத்தில் போய் நின்றார்.

"உங்க ஆஸ்பத்திரிக்கு எதிர்ல ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸ் இருக்குல்ல? அங்க ஒரு கொட்டேஷன் வாங்கிட்டு வந்துடேன்."

"எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்? என்னன்னு கேக்கிறது?"

"நீ ஒண்ணும் கேக்க வேண்டாம். இந்தத் தாளை நீட்டு. இதுல இருக்கிறபடி எவ்வளவு கம்மியா போட முடியுமோ அவ்வளவு போட்டு, கவர்ல ஒட்டிக் குடுக்கச் சொல்லு. அவ்வளவுதான்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கிப் படித்தாள். மூன்றே வரி. முப்பது தடவை படிக்கும் நேரம் பிடித்தது.

"ஓட்டுநர் ஒருத்தர்னு போட்டிருக்கு."

"ஆமா. அப்பதான் குறையும்."

"அப்ப என் காலை ஷிஃப்ட்?"

"பஸ்தான் இருக்கே. ஸ்டாப் வரைக்கும் நடந்தா உனக்கும் நல்லது. டாக்டர் நடக்கணும்னு சொல்லலையா?"

"அவர் உங்களைத்தான் சொன்னார்."

அதற்குள் அவர் அவள் கையில் கொடுத்தனுப்பக் கவரும் பசையும் தேடப் போய்விட்டார். அவள் தாளை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தாள். சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்திருந்தவருக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. சொன்னால் புரிந்துகொள்கிறவள் என்று மைத்துனனிடம் போனில் சொல்லவும் செய்தார்.

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குச் சாப்பாட்டு மேஜையில் கவர் பிரிப்பு விழா. மைத்துனன் சாட்சி. கொட்டேஷன் கொடுத்தவனே சாட்சியாக இருக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தார். கொடுத்தவர்கள் முன்னிலையில் பிரிக்கலாம் என்று விதியிலேயே இடம் இருப்பது நினைவுக்கு வந்து சமாதானமானார். மூன்று கவரையும் வரிசையாக வைத்து, ஒட்டு பிரியவில்லை என்று மைத்துனனுக்கும் மனைவிக்கும் காட்டி, பேப்பர் கத்தியால் கீறினார்.

முதல் கவர் மைத்துனனுடையது. பதினேழாயிரத்துத் தொள்ளாயிரம். இரண்டாவது போன் கம்பெனி. பதினேழாயிரத்து முந்நூறு. மைத்துனன் பக்கம் திரும்பி வருத்தம் தெரிவிக்கும் முகம் ஒன்றை வைத்துக்கொண்டார். முப்பத்தொரு வருடப் பழக்கம்.

மூன்றாவதைப் பிரித்தார். பன்னிரண்டாயிரத்து எண்ணூற்றைம்பது.

"பாத்தியா," என்றார். "பாத்தியா? இதுக்குத்தான் சொல்றது. ஆறு வருஷம். ஆறு வருஷம் கண்ணை மூடிக்கிட்டுக் கட்டியிருக்கோம்."

"கீழயும் படிங்க அத்தான்," என்றான் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மைத்துனன்.

கீழே இருந்தது: 'ஓட்டுநர்: ஒருவர். வாகன உரிமையாளர். பெண், வயது 49.'

அவர் அந்த வரியை விரல் வைத்து இன்னொரு முறை படித்தார்.

"இது தப்பு," என்றார்.

"என்ன தப்பு?" மனைவி டீ டம்ளர்களை வைத்தபடி கேட்டாள். "வண்டி என் பேர்ல இருக்கு. தாள்ல ஒருத்தர்னு இருக்கு. என்னைப் போட்டா எவ்வளவு, உங்களைப் போட்டா எவ்வளவுன்னு அங்க இருந்த பொண்ணு ரெண்டையும் சொல்லுச்சு. எவ்வளவு கம்மியா முடியுமோ அவ்வளவுன்னு நீங்கதானே சொன்னீங்க."

"என்னைப் போட்டா எவ்வளவாம்?"

"பதினெட்டாயிரத்துக்கு மேல."

"ஏனாம்?"

"அஞ்சு வருஷத்துல வண்டி எத்தனை தடவை இடிச்சிருக்குன்னு கேட்டுச்சு. நான் இடிச்சது இல்லைன்னேன். உங்களோடதைச் சொன்னேன்."

"எல்லாத்தையுமா சொன்னே?"

"மூணுதானே," என்று விரலை மடக்கினான் மைத்துனன். அந்த மூன்றுக்கும் அலைந்து நஷ்டஈடு வாங்கிக் கொடுத்தவன் அவன்தான். "ஃபாக்டரி கேட்டு. ஆஸ்பத்திரித் தூண். அப்புறம் அந்தத் தண்ணி லாரி."

"லாரிக்காரன் திடீர்னு..."

"லாரி நின்னுக்கிட்டிருந்துச்சு அத்தான்."

அவர் டீயை ஒரு வாய் குடித்தார். கொள்முதல் பிரிவில் தோற்கும் நிலையில் எடுக்கும் கடைசி ஆயுதம் ஒன்று உண்டு. அதை எடுத்தார். "மூணு கொட்டேஷனும் ஒரே விவரத்துக்கு இருக்கணும். பால் பாயிண்ட் பேனாவுக்கும் பென்சிலுக்கும் விலையை ஒப்பிட முடியாது. இது செல்லாது."

மனைவி கைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து, மடிப்பு நீவி, அவர் முன்னால் வைத்தாள். "கார் ஒண்ணு. இருக்கு. காப்பீடு முழுசு. இருக்கு. ஓட்டுநர் ஒருத்தர். இருக்கு. அந்த ஒருத்தர் யாருன்னு உங்க தாள்ல எங்க இருக்கு?"

அவர் தாளைப் பார்த்தார். தானே டைப் செய்தது. எழுதும்போது அந்த ஒருவர் யார் என்று ஒரு சந்தேகமும் அவருக்குத் தோன்றவில்லை என்பதுதான் உண்மை. அதை இப்போது சொல்ல முடியாது.

"பிரிச்ச பிறகு யாரும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு ஒரு விதி இருக்குல்ல?" என்றாள் அவள், மிகவும் மரியாதையாக.

"சொந்தச் செலவுல சூனியம்னு கேள்விப்பட்டிருக்கேன்," என்றான் மைத்துனன். "மூணு கொட்டேஷன் வாங்கி, அதுலயும் மலிவானதா பாத்து வச்சுக்கிட்டவரை இப்பதான் பாக்குறேன்." வியாபாரம் கைவிட்டுப் போன ஆள் அவ்வளவு சந்தோஷமாக டீ குடித்து யாரும் பார்த்திருக்க முடியாது.

ஆணி விற்க வந்த சகலையை ஒரு காசுக்காகத் திருப்பி அனுப்பிய மனிதர் நாலாயிரத்துச் சொச்சத்தை என்ன சொல்லித் தள்ளுவார்? பேனாவை எடுத்தார். ஒப்பீட்டுப் பட்டியலின் அடியில், 'மூன்றாவது கொட்டேஷன் குறைவானது. பரிந்துரைக்கப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தேதியும் போட்டார்.

அடுத்த வாரத்திலிருந்து எல்லா வாரமும் அவருக்கு பஸ்தான். மதிய ஷிஃப்ட் வாரத்தில் கார் காலை முழுக்க வாசலில் நிற்கும். அதைத் தாண்டித்தான் ஸ்டாப்புக்கு நடப்பார். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி மனக்கணக்குப் போட்டார். கூடுதலாக ஆகும் டிக்கெட் காசு, மிச்சம் பிடித்ததை எட்டு மாதத்தில் தின்றுவிடும். இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டும் வரை திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். அதே எட்டு மாதம்தான் வந்தது.

மூன்றாவது வாரம் அவரே அந்த இன்சூரன்ஸ் அலுவலகத்துக்குப் போனார். பாலிசியில் இன்னொரு ஓட்டுநரை எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம், வித்தியாசத் தொகையைக் கட்டினால் போதும், உரிமையாளர் கையெழுத்து வேண்டும் என்று அங்கே இருந்த பெண் சொன்னாள். விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து, மாலையில் மனைவி முன்னால் வைத்தார்.

"என்னது?"

"என்னையும் சேர்க்கணும். நீ ஒரு கையெழுத்துப் போடணும்."

அவள் நிதானமாகப் படித்தாள். "போடலாம். ஆனா கேக்காம கொள்ளாம எப்படிப் போடுறது? மூணு பேர்கிட்ட விசாரிக்கணும்ல?"

"எதை விசாரிக்கணும்?"

"நீங்க எப்படி ஓட்டுறீங்கன்னு. தம்பி ஒருத்தன். என் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் ஒருத்தர். தினம் உங்களை ரோட்டுல பாத்திருக்கார். இன்னொருத்தர் உங்க ஃபாக்டரி வாட்ச்மேன். மூணும் ஒட்டின கவர்ல வரட்டும்."

அவர் விண்ணப்பத்தைத் திருப்பி எடுத்து மடித்தார். மீற இடமில்லாதபடி அந்த விதியைச் செதுக்கி வைத்திருந்தவர் அவரேதான்.

மறுநாள் காலை, பஸ்ஸை விட்டு இறங்கி கேட்டை நோக்கி நடந்தார். கேட்டின் இடது கம்பி இடுப்பு உயரத்தில் உள்ளே வளைந்திருந்தது. மேலே பூசிய புது பெயிண்ட் அந்த வளைவை இன்னும் எடுத்துக் காட்டியது. முப்பத்தொரு வருடத்தில் முதல்முறையாக வாட்ச்மேனுக்கு அவர் முந்திக்கொண்டு வணக்கம் வைத்தார்.

"சாப்பிட்டாச்சா? வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

"சௌக்கியம் சார். நேத்து சாயங்காலம் உங்க வீட்டம்மா கேட்டுக்குப் போன் பண்ணியிருந்தாங்க. எழுதி ஒட்டி வச்சுட்டேன்."

அவர் பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டார். "என்ன எழுதியிருக்கே?"

வாட்ச்மேன் வளைந்த கம்பியைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"பிரிக்கிறதுக்கு முன்னாடி சொல்லக் கூடாதே சார்," என்றார். "நீங்க சொல்லிக் குடுத்ததுதானே."