ஏழுமலை அடித்த அடியும் நான் தேய்த்த கார்பனும்

ஏழுமலை இறந்துபோனதை அவருடைய மனைவி செல்விதான் போனில் சொன்னார். திருமுல்லைவாயலில் ஒரு வீட்டில் ஏசி பைப்புக்குச் சுவரைத் துளைத்துவிட்டு ஏணியிலிருந்து இறங்கியவர், மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. "அண்ணா, அவரு போய்ட்டாரு" என்றார். பாடியில் என் மெஷின் ரிப்பேர் கடையின் ஷட்டரைப் பாதி தூக்கியபடி நின்றிருந்தேன். பிறகு அதை இறக்கிப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன்.

அம்பத்தூர், ஆவடிப் பக்கம் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அந்தக் கை தெரியும். அது சுவரை மட்டும் உடைத்த கை அல்ல. அதை மறைத்து எழுதினால் இது வேறு யாருக்கோ எழுதிய அஞ்சலி ஆகிவிடும்.

அவரை நான் அறிந்துகொண்டது அடி வாங்கித்தான். ஒருநாள் தன் ட்ரில்லிங் மெஷினைக் கொண்டுவந்தார். உள்ளே நீலப் பொறி பறந்தது. கார்பன் தேய்ந்திருந்தது. சுழலும் மோட்டாருக்கு மின்சாரம் ஏற்றும் சின்னக் கரித்துண்டு அது. ஒரு ஜோடி இருக்கும், தேய்ந்தால் மாற்ற வேண்டும். அவர் மெஷினுக்கான அளவு என்னிடம் இல்லை. அவர் அவசரப்பட்டார். வேறொரு மெஷினின் கார்பனை அரத்தில் ராவி, அளவைக் குறைத்துப் பொருத்தினேன். ஒரு பக்கம் கோணலாக இருந்தது. மூடிக் கொடுத்துவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் வானகரத்தில் ஒரு அடுக்குமாடியில் வேலை. கூட இருந்தது செல்வியின் தம்பி முருகன். பாதித் துளையில் மெஷின் நின்றது. கரண்ட் போய்விட்டதென்று இருவரும் நினைத்தார்கள். விசையை அழுத்திப் பிடிக்கும் லாக் பட்டன் போட்டபடியே இருந்தது. சுவரில் சிக்கிய துளையிடும் பிட்டைத் திருகி எடுக்க முருகன் முனையைக் கையால் பற்றினான். அந்த அசைவில், கோணலாக மாட்டிக்கொண்டிருந்த கார்பன் உள்ளே இறங்கியது. மெஷின் ஓடியது. முருகனின் இரண்டு விரல்கள் சுற்றி முறிந்தன.

அவனை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு ஏழுமலை நேராக என் கடைக்கு வந்தார். சட்டையில் முருகனின் ரத்தம். மெஷினை மேஜைமேல் போட்டு, "தொற" என்றார்.

"ஓட்டத் தெரியாம ஓட்டிட்டு இங்க வந்து…" என்று ஆரம்பித்தேன். முடிக்கவில்லை. அந்த மெஷினாலேயே என் தோளில் இறக்கினார். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. விழுந்த என் வயிற்றில் உதைத்தார். பிறகு அவரே திருகாணிகளைக் கழற்றி, கார்பனை வெளியே இழுத்து, என் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். அரம் ராவிய கோடுகள் அதில் தெளிவாகத் தெரிந்தன. "இது இன்னா?" என்றார். மறுபடி கையை ஓங்கும்போது பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து பிடித்தார்கள். அதற்குள் கார்பனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

முறிந்த தோளுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். அவரை ஏற்கனவே உட்காரவைத்திருந்தார்கள். பையிலிருந்து அந்தக் கார்பனை எடுத்துக் காட்டுவார் என்று காத்திருந்தேன். எஸ்.ஐ. கேட்டபோது அவர் சொன்னது இவ்வளவுதான்: "பிளக்க புடுங்காம உட்டது என் தப்பு சார். இவன அடிச்சதும் என் தப்பு, எழுதிக்கோங்க. இவன் இன்னா பண்ணான்னு இவன்தான் சொல்லணும்."

நான் சொல்லவில்லை. "கேஸ் வேணாம் சார்" என்று மட்டும் சொன்னேன்.

வெளியே வந்ததும், "ஏன் காட்டல?" என்று கேட்டேன்.

"நீ பண்ணது வேற, நான் அடிச்சது வேற. அத்த காட்டி இத்த மறைக்க சொல்றியா?" என்று சொல்லிவிட்டுப் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.

எட்டு நாள் கழித்து முருகனைப் பார்க்கப் போனேன். கார்பனை ராவிப் போட்டதை ஏழுமலையின் எதிரிலேயே சொன்னேன். முருகன் தன் விரலில் இருந்த கட்டைப் பார்த்தான், என் தோளில் இருந்த கட்டைப் பார்த்தான். "இத்த சொல்லவா இவ்ளோ தூரம் வந்தே? ஒக்காரு" என்றான்.

மறுநாள் ஏழுமலை மெஷினோடு கடைக்கு வந்தார். சரியான அளவு கார்பனை வரவழைத்திருந்தேன். என் ஒரு கை தொங்கிக்கொண்டிருந்ததால் நான் சொல்லச் சொல்ல அவர் செய்தார். கார்பனை அழுத்தும் ஸ்பிரிங்கைத் தூக்கி, மோட்டாரின் காப்பர் வளையத்தில் படிந்திருந்த கரியை மெல்லிய உப்புத்தாளால் துடைத்து, புதியதை இறக்கி, அது தடையில்லாமல் ஏறி இறங்குகிறதா என்று பார்த்தார். சுவரில் வைக்காமல் சும்மா ஓடவிட்டோம். பொறி மெல்ல அடங்கியது. அதன் பிறகு எத்தனை முறை வந்தாலும் எதிரில் உட்கார்ந்து, "மூடறதுக்கு முன்னாடி காட்டு" என்பார்.

இன்னொரு நாள் வந்தவர் மெஷினைக் கொண்டுவரவில்லை. "நேத்து செல்விய அடிச்சிட்டேன். தாய் ஊட்டுக்குப் போய்ட்டா. குடிச்சிட்டு வந்தேன்னு முருகன் எதிர்ல கத்துனா, அதான்" என்றார்.

"அவங்க கத்துனது வேற, நீ அடிச்சது வேற" என்றேன்.

என் சட்டைக் காலரைப் பிடித்து கிரைண்டர் மேஜையோடு நெருக்கினார். கழுத்து இறுகியது. அவர் கண்கள் சிவந்திருந்தன. கொன்றுவிடுவார் என்றே நினைத்தேன். எவ்வளவு நேரமென்று தெரியாது. பிடியை விட்டார். கீழே சரிந்திருந்த சாமான்களைப் பொறுக்கி வைத்துவிட்டுப் போனார்.

மாமியார் வீட்டு வாசலில் நின்று, காரணம் எதுவும் சொல்லாமல், "அடிச்சது தப்பு" என்று மட்டும் சொன்னாராம். முருகன் சொன்னது இது. செல்வி மூன்று மாதம் கழித்துத்தான் திரும்பினார். அதன் பிறகும் ஒருமுறை ஏழுமலை அவரை அடித்தார் என்பதையும் முருகனே சொன்னான்.

பருத்திப்பட்டு வீட்டில் சடங்கெல்லாம் முடிந்த பிறகு, அவரைப் பற்றி நான்கு வரி எழுதப்போகிறேன் என்று செல்வியிடம் சொன்னேன். "கடைசி ரெண்டு வருசம் எம்மேல கை வைக்கல. அதுக்கு முன்ன வச்சாரு. ரெண்டையும் எழுதுங்க அண்ணா" என்றார். எழுதிவிட்டேன்.

அவரை நான் நேசித்தேனா என்று எனக்குத் தெரியவில்லை. அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது பயம். ஏழுமலைமேல் இருந்த பயம் அவரோடு சுடுகாட்டுக்குப் போய்விட்டது. நான் மூடிக் கொடுக்கும் மெஷினை எங்கோ ஒரு மாடியில், முகம் தெரியாத ஒருவர் நம்பிக் கையில் எடுப்பாரே, அந்தப் பயம் மட்டும் போகவில்லை. அது போகவும் வேண்டாம்.