கல்லடியைக் காட்ட ஒரு பின்னேரம்

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் நான்கு மணிக்கு நல்லரத்தினத்தின் நெஞ்சு அடித்த அடியைக் கேட்டிருந்தால், பக்கத்து அம்மன் கோயிலில் உடுக்கு அடிக்கிறார்கள் என்றுதான் நினைத்திருப்பீர்கள். ஐம்பத்து நான்கு வயது மனிதர், கண்ணாடிக்கு முன்னால் நின்று மூன்றாவது தடவையாகத் தலை வாரினார்.

"தலையில இரிக்கிறது நாலு மயிர். அதையும் வாரி வாரிக் கொட்டப் போறீங்களா?" என்று மனைவி சீதேவி வாசலில் நின்று கேட்டாள்.

சிரிக்க முடியவில்லை. இன்னும் ஐந்து நிமிடத்தில் உதயரூபன் வந்துவிடுவான். அவனை மூன்று மணித்தியாலம் ஊர் சுற்றிக் காட்ட வேண்டும். அந்த மூன்று மணித்தியாலத்தில்தான் மகள் தனுஷாவின் வாழ்க்கையே தொங்கிக்கொண்டிருந்தது!

மட்டக்களப்பு வழக்கம் வேறு. இங்கே கலியாணம் முடிந்தால் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அதற்காகவே நல்லரத்தினம் ஒன்பது வருடமாகக் ஒவ்வொரு கல்லாக வைத்துக் கல்லடியில் வீடு கட்டினார். வீட்டுக்குச் சாந்து பூசி முடிய, மகளுக்கும் பொருத்தம் வந்தது. உதயரூபனின் அம்மாவுக்குச் சொந்த ஊர் இதே மாவட்டத்துக் களுவாஞ்சிக்குடி. அவனுக்கு நாலு வயதாயிருக்கும்போது குடும்பம் கொழும்புக்குப் போய்விட்டது. இப்போது அவன் அங்கே வெள்ளவத்தையில் இருந்து கம்ப்யூட்டர் வேலை செய்கிறான். தனுஷாவோ இங்கே பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். மூன்று மாதமாக இரண்டு பேரும் போனில் கதைத்தார்கள். பிடித்துப் போயிற்று. ஆனால் கல்லடிக்கு வந்து இருப்பாயா என்று கேட்டதற்கு மட்டும் அவன் பிடி கொடுக்கவில்லை.

"ஒரு பின்னேரம் ஊரைப் பாத்திட்டுச் சொல்றன்" என்றான்.

தனுஷா தகப்பனிடம் ஒன்றைத்தான் சொன்னாள். "அப்பா, நீங்க அவர்ட்டக் கெஞ்சப்படாது. கெஞ்சினீங்க எண்டா எனக்கு இந்தக் கலியாணமே வேணாம்."

கெஞ்சாமல் ஒருவனை ஊரில் இருத்துவது எப்படி? நாக்கால்தான்! நாக்கு மயங்கினால் மனமும் மயங்கும் என்று நல்லரத்தினம் கணக்குப் போட்டார். அவருக்குத் தெரியாத கடையா? இருபத்தாறு வருடமாக அவர் கடைகளுக்கு ஐஸ் போடுகிறவர். விடியப்புறம் தன்னுடைய பட்டா என்ற சின்ன லொறியில் ஏற்றிக்கொண்டு, பாலத்தடியிலிருந்து காத்தான்குடி வரைக்கும் இறக்கிவிட்டு, ஊர் எழும்பிப் பல் விளக்கும்போது வீட்டுக்குத் திரும்பிவிடுவார். சீதேவி அந்தப் பட்டாவை இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவி, முன் சீற்றில் புதுத் துவாய் விரித்திருந்தாள்.

உதயரூபன் வந்தான். உயரமான, அமைதியான பிள்ளை. ஏறி உட்கார்ந்தான். பட்டா கடற்கரை வீதிக்குத் திரும்பியது.

பத்து வருடத்துக்கு முன்னால் அந்த வீதியில் மணலும் நாயும்தான். இப்போதோ! சுவரெல்லாம் மீனும் பெண்களுமாக ஓவியம். சைக்கிள் வாடகைக்கு விடும் கடை, மரத்துக்கு மரம் சின்னச் சின்ன லைட், போனை நீட்டிப் படம் பிடிக்கும் இளசுகள். எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு கண்ணாடிக் கோப்பிக்கடை. நல்லரத்தினம் முதலில் அங்கேதான் கூட்டிப் போனார். கொழும்புப் பிள்ளைக்குக் கொழும்பு மாதிரி இடம்!

உள்ளே போய்க் கதிரையில் உட்கார்ந்த பிறகுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. இந்தக் கடைக்கு அவர் தினமும் வருகிறார். ஆனால் ஒரு நாளும் முன்பக்கத்தால் வந்ததில்லை. குசினிக் கதவால் வந்து, ஐஸை இறக்கிவிட்டு, அதே கதவால் போய்விடுவார். பின்னேர வேலைக்காரப் பெடியனுக்கு அவரைத் தெரியவே தெரியாது. அவன் நீட்டிய அட்டையில் இருந்த பெயர்கள் கோப்பியா, மருந்தா என்றும் விளங்கவில்லை.

"தம்பி, ரெண்டு பிளேன்டீ."

"பிளேன்டீ இல்ல ஐயா."

பக்கத்து மேசைப் பெண்பிள்ளைகள் சிரித்தார்கள். நல்லரத்தினத்துக்குக் காது சுட்டது. உதயரூபன் மெதுவாக அட்டையை வாங்கி இரண்டு ஐஸ் கோப்பி சொன்னான். வந்தது. இரண்டு பேரும் உறிஞ்சினார்கள். ஐயோ, தொடக்கமே பிழையாகிவிட்டதே! என்ன பேசுவது என்று தவித்தவரின் கண் கண்ணாடிக் குவளைக்குள் போயிற்று.

"இது நம்மட ஐஸ்!" என்று வாய் தவறிக் கத்திவிட்டார்.

"எப்பிடி அங்கிள் தெரியும்?"

"நடுவில ஓட்டை இரிக்கி பாருங்க. நம்மட ஆக்கள் மட்டுந்தான் இப்பிடி ஊத்துற. கல்லடிக்குள்ள யார் என்ன குளிரா குடிச்சாலும் அதுக்குள்ள நான் இரிக்கன் தம்பி."

உதயரூபன் முதல் தடவையாகச் சிரித்தான். வாய் விட்டு, தோள் குலுங்கச் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் நல்லரத்தினத்துக்கு இழந்த உயிர் திரும்பி வந்தது.

அடுத்தது காத்தான்குடி, பாறூக்கின் பலூடாக் கடை. பின்னேரமென்றால் முன்வாசலில் நிற்க இடம் கிடைக்காது. நல்லரத்தினம் உற்சாகத்தில் கடையின் புகழைப் பாடிக்கொண்டே நடந்தார். கசகசாவைப் பற்றிச் சொன்னார், பாலாடையைப் பற்றிச் சொன்னார், சொல்லி முடித்து நிமிர்ந்து பார்த்தால், ஐயய்யோ! இருபத்தாறு வருடம் நடந்த கால்கள் தம் பாட்டில் பின் ஒழுங்கைக்குள் வந்துவிட்டன! தேங்காய் மட்டைக் குவியலுக்கும் சீனிச் சாக்குக்கும் நடுவில், புத்தம் புதுச் சப்பாத்தோடு வருங்கால மருமகன் நிற்கிறான்!

நல்லரத்தினம் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் பாறூக் குசினிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன நல்லம், பின்னேரத்திலயும் ஐஸா? விடியப்புறம் போட்டது காணும்."

"இல்ல காக்கா... இவர் நம்மட... கொழும்பிலருந்து..." நல்லரத்தினம் அவனைச் சுட்டிக் காட்டினார்.

பாறூக் மேலும் கீழும் பார்த்தார். சப்பாத்தைப் பார்த்தார். நல்லரத்தினத்தின் வாரிய தலையைப் பார்த்தார். விளங்கிவிட்டது.

"யா அல்லாஹ்! மாப்பிள்ளையைப் பின் கதவால கூட்டி வந்த மாமனார உலகத்தில இண்டைக்குத்தான் பாக்கன்! வாங்க மகன், வாங்க. சாக்கில தட்டுப்படாம வாங்க."

"தம்பி, மன்னிச்சுக்கங்க, முன்னால போவம்" என்று நல்லரத்தினம் அவன் கையைப் பிடித்து இழுத்தார். அவனோ அசையவில்லை. பெரிய அண்டாவில் பால் சுண்டிக்கொண்டிருந்தது. அதைத் துழாவிய பெண் அகப்பையில் அள்ளி, ஆறவைத்து, அவன் உள்ளங்கையில் ஊற்றினாள். நக்கினான். கண்ணை மூடினான்.

"அங்கிள், நீங்க போற கடையெல்லாம் இப்பிடியா?"

"என்ன?"

"பின்னால இப்பிடியா இரிக்கும்?"

"ஓம், பின்னால எண்டா... சனம் இரிக்கும், சமைக்கும், சண்டை பிடிக்கும்."

"அப்ப முன்கதவே வேணாம். பின்னாலயே போவம்."

அதன்பின் அந்தப் பின்னேரம் பறந்தது! ரொட்டிக் கடையின் பின் கட்டில் கொத்துத் தட்டும் சத்தத்துக்கு இரண்டு பேரும் காதைப் பொத்திக்கொண்டு தின்றார்கள். பேக்கரிப் போறணை அடுப்புக்கு முன்னால் நின்று, சூடு பறக்கிற, மீன் அடைத்த மாலுபாணை ஊதி ஊதிக் கடித்தார்கள். போகிற இடமெல்லாம் "ஐஸ் அண்ணன்ட மருமகன்" என்று கடைக்காரர்களே முடிவு கட்டினார்கள். நல்லரத்தினம் மறுக்கவும் முடியாமல், ஆமென்று சொல்லவும் முடியாமல், சிரித்துச் சிரித்தே கன்னம் நோக நின்றார்.

திரும்பும் வழியில் உதயரூபனே ஒரு கடையில் நிறுத்தச் சொன்னான். பஹீமாவின் கைத்தறிக் கடை. உள்ளே போனான், பத்துச் சேலை விரித்துப் பார்த்தான், கத்தரிப்பூ நிறத்தில் ஒன்று எடுத்தான்.

"ஆருக்கு மகன், பொம்புளைக்கா?" என்று பஹீமா கேட்டாள்.

"அம்மாக்கு. கொழும்புக்குக் கொண்டு போக."

அவ்வளவுதான். நல்லரத்தினத்தின் நெஞ்சில் ஒரு கட்டி ஐஸ் விழுந்தது. கொண்டு போக! விருந்தாளிதானே சாமான் வாங்கிக்கொண்டு போவான்? இங்கே இருக்கப் போகிறவன் ஏன் வாங்குகிறான்? மூன்று மணித்தியாலச் சந்தோசமும் அந்தச் சேலைப் பையோடு கட்டுப்பட்டுப் போய்விட்டதே!

கல்லடிப் பாலத்தடியில் இரத்தினம்மாவின் பிட்டுக்கடை. வாவிக்கரையில் உட்கார நாலு மர வாங்கு, ஒரு தகரக் கூரை. இங்கேயும் அடுப்படிப் பக்கத்தாலேயே வந்து, விறகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பிள்ளையின் ஊர், தாயின் ஊர் எல்லாம் நல்லரத்தினம் இரத்தினம்மாவுக்குச் சொல்லி முடிக்க, நண்டுக் கறி வந்தது. உதயரூபன் கரண்டியால் நண்டைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"அது என்ன கதவா தட்டுற? கையால உடை ராசா" என்றாள் இரத்தினம்மா. "இவர்ட அம்மா களுவாஞ்சிக்குடியா? அவ கண்டா வெக்கத்தில வாவிக்க குதிச்சிருவா."

உதயரூபனின் முகம் மாறியது. நண்டைக் கீழே வைத்தான்.

"அங்கிள், உங்களுக்கு ஒண்டு சொல்லணும்."

நல்லரத்தினம் பிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"எனக்கு ஊர் பிடிச்சிரிக்கி. தனுஷாவை அதை விடப் பிடிச்சிரிக்கி. என்ட வேலையை எங்க இருந்தும் செய்யலாம். ஆனா அம்மா தனிய. அஞ்சாம் மாடியில, பக்கத்து வீட்டில ஆர் இரிக்காங்க எண்டும் தெரியாது. வாங்க எண்டு கேட்டன். மகன் கலியாணம் முடிச்சுப் போன வீட்டில போய் ஒட்டிக்கிட்டு இரிந்தா சனம் சிரிக்கும் எண்டு ஒரே பிடியா நிக்கிறா. அவவை விட்டுட்டு எப்பிடி வாற?"

நல்லரத்தினத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. இதற்காகவா இந்தப் பிள்ளை மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தது! பெற்ற தாயை விடாத பிள்ளை அல்லவா தன் மகளையும் விடாது!

"தம்பி, நானும் சீதேவியும் வேற எங்கயாவது போறம். வீட்டை முழுசா நீங்க மூண்டு பேரும் எடுங்க. அப்ப அது உங்கட அம்மாட வீடு மாதிரித்தானே?"

இரத்தினம்மா அகப்பையால் அடுப்பைத் தட்டினாள். "விசர்க் கதை கதைக்காத ஐஸ்! வீடு கட்டினவனே ரோட்டில நிண்டா அந்தப் பொம்புளைக்குச் சோறு இறங்குமா? அவக்கு வேண்டியது மகன்ட வீடும் இல்ல, உன்ட வீடும் இல்ல. அவட வீடு! எங்கட ஒழுங்கையில ரெண்டு அறையும் குசினியுமா ஒண்டு சும்மா கிடக்கு. வெளிநாட்டுக்குப் போன ஆக்கள்ட. வாடகைக்கு ஆள் தேடுறாங்க. தனுஷா வீட்டிலருந்து கூப்பிட்டாக் கேக்கும். மகன் மருமகளோட கோவிச்சா ஒரு எட்டில போய்க் கதவை அடைச்சுக்கலாம். ஒரு தாய்க்கு வேற என்ன வேணும்?"

உதயரூபன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நண்டுக் கையைத் துடைக்காமலே போனை எடுத்தான். திரையில் அம்மா வந்தாள். கண்ணாடி போட்ட, இறுகிய முகம்.

"என்னடா, முடிவு சொல்லிட்டியா?"

"அம்மா, நீங்களும் வாறீங்க. மகன் வீட்டுக்கு இல்ல. உங்கட வீட்டுக்கு."

அவன் விவரம் சொன்னான். அம்மா பேசவில்லை. நல்லரத்தினம் மூச்சு விடவில்லை. கெஞ்சாதே என்று மகள் சொன்னது ஒன்றுதான் அவர் கையைக் கட்டி வைத்திருந்தது. இல்லாவிட்டால் போனுக்கு முன்னால் விழுந்திருப்பார்! பாலத்துக்கு மேலே பஸ் ஒன்று போன சத்தம் அடங்கியது. அம்மா கண்ணாடியைக் கழற்றி, சேலைத் தலைப்பால் துடைத்து, திரும்பப் போட்டாள்.

"பக்கத்தில ஆரடா?"

"பிட்டுக்கடை அம்மா. அந்த ஒழுங்கையிலதான் இரிக்கிறாவாம்."

"போனை அவட்டக் குடு."

இரத்தினம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனுக்கு முன்னால் குனிந்தாள்.

"என்ன தங்கச்சி?"

"அந்த வீட்டுக் கிணத்துத் தண்ணி எப்பிடி அக்கா? குடிக்க ஏலுமா, இல்லாட்டி உப்பா?"

"கற்கண்டு தண்ணி!" என்று இரத்தினம்மா கத்தினாள். "ரெண்டு தென்னையும் நிக்கிது!"

"முருங்கை?"

"முருங்கை இல்ல."

"அப்ப ஒண்டு வைக்கணும்" என்றாள் அம்மா. "மழைக்கு முன்னுக்கு வந்தாத்தான் வேர் பிடிக்கும்."

நல்லரத்தினம் எழுந்து நின்றார். என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்தார், திரும்ப எழுந்தார். உதயரூபனின் தோளைப் பிடித்துக்கொண்டு, பாலத்தடியில் போன சனமெல்லாம் திரும்பிப் பார்க்க, அந்தப் பெரிய மனிதர் விம்மி விம்மி அழுதார்.