இரண்டு மெஷினுக்கு ஒரு பைப்

கிடங்கு ஆபீஸில் அவளுக்குக் கடுகு என்று பெயர். காய்ந்த எண்ணெய்கூட வேண்டாம், தானாகவே வெடிப்பாள். கீழ்த்தளத்துப் பழைய யூனிக்ஸ் கம்ப்யூட்டரைப் பல வருஷமாகக் கட்டி மேய்ப்பவள் அவள்தான். மாடியில் புதிதாக வந்த வேறு கம்பெனி யூனிக்ஸோடு மாரடிப்பவன் அவள் கொழுந்தன். இருவருக்கும் ஒரே வீடு. மாமனார் போன பிறகு முன்னறை யாருக்கு என்று நடந்த சண்டையில் அவளை அண்ணி என்று கூப்பிடுவதை அவன் நிறுத்திவிட்டான். ஆபீஸில் மேடம். வீட்டில் அதுவும் இல்லை.

அன்று காலையிலிருந்து மாடியில் போட்ட ஆர்டர் ஒன்றுகூடக் கீழே வரவில்லை. வாசலில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. டிரைவர்கள் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள்.

"என் பக்கம் எல்லாம் சரியா இருக்கு சார். கீழ இருக்கறது ஓட்டை மெஷின். பாத்துக்கறவங்களும் அப்படித்தான்" என்று கொழுந்தன் மேனேஜரிடம் சொன்னது அவள் காதில் விழுந்தது.

"சாயங்காலத்துக்குள்ள ஓடணும். இல்லேன்னா நாளைக்கு நீ வரவேணாம்" என்றார் மேனேஜர் அவனிடம்.

எட்டிப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. இரண்டு மெஷினும் நெட்வொர்க்கில் பகிர்ந்துகொள்ளும் ஃபோல்டரில் பைப் என்கிற தனி ரகக் கோப்பை வைத்திருந்தான். ஒரு புரோகிராம் ஒரு முனையில் போட, இன்னொன்று மறுமுனையில் எடுத்துக்கொள்ளும். ஒரே மெஷினுக்குள் அழகாக ஓடும். ஆனால் நெட்வொர்க் அந்தக் கோப்பின் பெயரை மட்டும்தான் இரண்டு பக்கமும் காட்டும். உள்ளே போடுவது அந்தந்த மெஷினைத் தாண்டாது. அவனுடைய புரோகிராம் வாங்க ஆளில்லாமலும் அவளுடையது கொடுக்க ஆளில்லாமலும் காத்துக் கிடந்தன. சாதாரணக் கோப்புக்கு மாற்றினால் தீர்ந்தது.

ஏன் சொல்ல வேண்டும்? அண்ணி என்று ஒரு வார்த்தை கூப்பிட்டுக் கேட்கட்டும், அடுத்த நிமிஷம் சொல்கிறேன் என்று கறுவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவன் மெஷினை நிறுத்தி நிறுத்திப் போட்டான். கேபிளை மாற்றினான். கடைசியில் அவள் கதவருகே வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"மேடம், கொஞ்சம் பாக்கறீங்களா?"

"ஓட்டை மெஷின் பாக்கறவளுக்கு என்ன சார் தெரியும்?"

போய்விட்டான். சாயங்காலம் அவன் மேஜையைக் காலி செய்தபோது அவளுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றுதான் இருந்தது. அவன் படியிறங்கியதும் பைப்பைத் தூக்கிப் போட்டுச் சாதாரணக் கோப்பை வைத்தாள். லாரிகள் நகர்ந்தன.

வீட்டில் அவன் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். டிரைவர் யாரோ போனில் சொல்லியிருக்க வேண்டும்.

"லாரியெல்லாம் கிளம்பிடுச்சாமே" என்றான். "சந்தோஷமா அண்ணி?"

செருப்பைக் கழற்றாமல் அவள் வாசலிலேயே நின்றாள்.