கைப்பிள்ளைக்கு வகுப்பு இல்லை

ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்து ஊரில் ஒரு தொடக்கப் பள்ளி. ஆசிரியர்கள் இரண்டே பேர், நான் தலைமையாசிரியை. கட்டாயக் கல்விச் சட்டம் எனக்கு மனப்பாடம். ஆறிலிருந்து பதினான்கு வயது வரை எந்தப் பிள்ளையும் பள்ளிக்கு வெளியே இருக்கக் கூடாது. வராத பிள்ளையை வரவழைப்பது எங்கள் பொறுப்பு. ஆறு வயதுக்குக் குறைந்தவர்களைப் பற்றிச் சட்டம் அதிகம் அலட்டிக்கொள்வதில்லை. நானும் அலட்டிக்கொண்டதில்லை, ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி இடுப்பில் தங்கையோடு வந்து நிற்கும்வரை.

தங்கைக்கு ஒன்றரை வயது. அங்கன்வாடியில் இரண்டு வயது முடிந்தால்தான் சேர்ப்பார்கள். அப்பா இல்லை. அம்மாவுக்குப் பட்டாசு கம்பெனியில் வேலை. விடிந்ததும் வேன் வந்துவிடும். தீபாவளி சீசனில் லீவு என்று வாயைத் திறக்க முடியாது.

"இது பள்ளிக்கூடமா, பிள்ளை வளக்குற இடமா?" என்று முதல் நாளே திருப்பி அனுப்பினேன். மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. வீட்டுக்குப் போனேன், சட்டம் போகச் சொல்கிறது. வாசலில் உட்கார்ந்து தங்கைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"நீங்கதானே டீச்சர் பாப்பாவைக் கூட்டிட்டு வராதன்னீக."

இரண்டு பேரும் வாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்றிலிருந்து வகுப்பின் மூலையில் ஒரு பாய். குழந்தை அதில் தூங்கும். விழித்தால் வகுப்பெல்லாம் சுற்றும், சாக்பீஸைத் தின்னும், இன்னொருத்தன் புத்தகத்தைக் கிழிக்கும். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அக்காக்காரிக்கு வகுத்தல் கணக்கு வரத் தொடங்கியிருந்தது.

புரட்டாசியில் ஓர் அதிகாரி ஆய்வுக்கு வந்தார். குழந்தை நேராகப் போய் அவருடைய பேண்டைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"இது எந்த வகுப்பு டீச்சர்?"

எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கெட்டவர் இல்லை.

"எல்லாம் சரி. விழுந்து மண்டை உடைஞ்சா யாரு பதில் சொல்றது? நீங்கதான். நாளையில இருந்து இந்தப் பிள்ளை இங்க இருக்கக் கூடாது."

அதில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. சாயங்காலம் அந்தப் பெண்ணிடம் சொல்லி அனுப்பினேன். இனி இவளும் வரமாட்டாள் என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

வந்தாள். தனியாக, தலையைப் படிய வாரி, எல்லாருக்கும் முந்தி வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். கணக்கையும் அவள்தான் முதலில் முடித்தாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. மத்தியானம் சாப்பாட்டு வரிசையில்தான் கேட்டேன்.

"தங்கச்சியை யாரு பாத்துக்கிறா?"

"அம்மா கம்பெனிக்குத் தூக்கிட்டுப் போயிருக்கு டீச்சர்."

பெரிய கம்பெனியாக இருந்தால் கேட்டிலேயே நிறுத்தியிருப்பார்கள். அவள் அம்மா போவது காட்டுக்குள் நாலு ஷெட் போட்ட சின்ன இடம். அங்கே ஆள் கிடைத்தால் போதும். மத்தியானத்துக்கு மேல் என்ன பாடம் நடத்தினேன் என்று நினைவில்லை. தகரம் விழுந்த சத்தத்துக்குக்கூட வாசலுக்கு ஓடி, காட்டுப் பக்கம் புகை தெரிகிறதா என்று பார்த்தேன்.

பள்ளி விட்டதும் அவளோடு வேன் நிற்கும் இடத்துக்குப் போய்க் காத்திருந்தேன். வேன் வந்தது. அவள் அம்மா கடைசியாக இறங்கினாள். குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

"மரத்தடியிலதான் போட்டிருந்தேன் டீச்சர். மருந்து ரூம் பக்கமே விடலை," என்றாள், நான் கேட்பதற்கு முன்பே.

குழந்தையைக் கையில் வாங்கினேன். உள்ளங்கால் இரண்டும் வெள்ளியாக மினுங்கின. பட்டாசு மருந்தில் கலக்கிற அலுமினியப் பவுடர். சேலைத் தலைப்பால் துடைத்தேன். போகவில்லை.

"நாளைக்கு ரெண்டு பேரையும் அனுப்பு."

"ஆபீசரு கூடாதுன்னு சொன்னாகளாமே டீச்சர்?"

"ஆமா, சொன்னாக," என்றேன். "நீ அனுப்பு."